ஹார்லெமிலிருந்து கப்பலேறிய பேண்டு

"போரில் பணியாற்றிய அமெரிக்கர்கள் பண்பாட்டுக்கு என்று எதையாவது விட்டுச் சென்றிருக்கிறார்களா, இல்லை சிலையும் கல்லறையும் மட்டும்தானா?" இதுதான் கேள்வி.

நிறையவே விட்டுச் சென்றிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் திட்டமிட்டு இல்லை. கொரியாவில் அமெரிக்க முகாம்களிலிருந்து வெளியே வந்த ஸ்பேம் டப்பாவும் சாசேஜும் கிம்ச்சியோடு ஒரே சட்டியில் கொதித்து 'புதே ஜிகே' ஆயின. பெயருக்கு அர்த்தமே படைமுகாம் குழம்பு. பிலிப்பைன்ஸில் ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீளமாக்கி, கூரை போட்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி பெயிண்ட் அடித்து ஷேர் வண்டியாக ஓட்டினார்கள், ஜீப்னி பிறந்தது. இவற்றையெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். நான் ஒரே ஒரு கதையைத்தான் சொல்லப்போகிறேன், காரணம் அதை 1916 நியூயார்க்கில் பிடித்தால் விடாமல் 1958 மெட்ராஸ் வரை வந்துவிடலாம்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-ல் நியூயார்க் மாநிலத்தின் நேஷனல் கார்டு என்ற துணைப்படையில் 15-வது ரெஜிமெண்ட் என்று ஒன்று தொடங்கினார்கள், முழுக்கக் கருப்பினச் சிப்பாய்கள், தளபதி வில்லியம் ஹேவர்டு என்ற வெள்ளைக்கார வக்கீல். ஆள் சேர்ப்பதுதான் பெரிய பாடு. தன்னை மனிதனாகவே மதிக்காத நாட்டுக்காக, நியூயார்க்கின் கருப்பினப் பகுதியான ஹார்லெமில் இருப்பவன் எதற்குத் துப்பாக்கி தூக்க வேண்டும்? நல்ல பேண்டு ஒன்று இருந்தால் கூட்டம் சேரும், கூட்டத்திலிருந்து ஆளும் சேரும் என்று ஹேவர்டு கணக்குப் போட்டார். அந்த நேரத்தில் நியூயார்க்கின் மிகப் பெரிய கருப்பின இசையமைப்பாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் ரீஸ் யூரோப் ஏற்கெனவே அந்த ரெஜிமெண்டில் சேர்ந்திருந்தார். (ஆமாம், குடும்பப் பெயரே யூரோப். யூரோப்புக்கு யூரோப் போனார் என்ற ஜோக்கை அவர் காலத்திலேயே எல்லோரும் அடித்துத் தீர்த்திருப்பார்கள்.) 1912-ல் கார்னகி ஹாலில் நூற்றுக்கும் மேற்பட்ட கருப்பினக் கலைஞர்களை மேடையேற்றியவர் அவர். ஆனால் ரெஜிமெண்டுக்கு அவர் வந்தது பேண்டு நடத்த அல்ல. தேர்வெழுதி லெப்டினன்ட் ஆகி மெஷின் கன் பிரிவில் இருந்தார்.

பேண்டு அமைத்துக்கொடு என்று ஹேவர்டு கேட்டதும், நடக்காது என்று நினைத்தோ என்னவோ, யூரோப் பெரிய நிபந்தனைகளாகப் போட்டார். ராணுவ விதி அனுமதிக்கிற 28 பேர் போதாது, அதிகம் வேண்டும், நல்ல கலைஞர்களை இழுக்கப் பணமும் வேண்டும். ஹேவர்டு ஒரு தொழிலதிபரிடம் போய்ப் பத்தாயிரம் டாலர் வாங்கி வந்துவிட்டார்! அப்புறம் தப்பிக்க வழியில்லை. பித்தளை வாத்தியக்காரர்கள் நியூயார்க்கிலேயே கிடைத்தார்கள், கிளாரினெட்காரர்களுக்குத்தான் பஞ்சம். அதற்காக 1917-ல் யூரோப் நேராகக் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரீக்கோ போனார். அங்கே ஊருக்கு ஊர் நகராட்சி பேண்டுகள் இருந்தன, பையன்கள் சின்ன வயதிலிருந்தே இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கப் பழகியவர்கள். பன்னிரண்டுக்கு மேல் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் ஒருவர் ரஃபாயெல் எர்னாண்டஸ். போர் முடிந்த பிறகு நியூயார்க்கில் தங்கி, 1929-ல் 'லமெந்தோ போரிங்கானோ' என்ற பாட்டை எழுதினார், சந்தையில் சரக்கு விற்காமல் வீடு திரும்பும் ஏழைக் குடியானவனின் புலம்பல். புவேர்ட்டோ ரீக்கோவில் அது கிட்டத்தட்ட இன்னொரு தேசிய கீதம். அவர் பிறந்த அகுவாதியா ஊர் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான். கிளாரினெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஒருவர் கப்பலேறியதன் ஒரு கிளை இது.

1917 அக்டோபரில் பயிற்சிக்காகத் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் ஊருக்கு அனுப்பினார்கள். வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் எதிர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். பேண்டை முன்னால் நின்று நடத்துகிற டிரம் மேஜரும் பாடகருமான நோபிள் சிசில் ஒரு ஓட்டலுக்குள் பத்திரிகை வாங்கப் போனார். தொப்பியைக் கழற்றவில்லை என்று சொல்லித் தொப்பியைத் தட்டிவிட்டு, குனிந்து எடுத்தவரை உதைத்தார்கள். வெளியே நின்ற சிப்பாய்கள், வெள்ளையர்களும் சேர்த்துத்தான், ஓட்டலை நொறுக்கத் தயாராகிவிட்டார்கள். யூரோப் உள்ளே போய் எல்லோரையும் கலைந்துபோகச் சொன்னார், என்ன நடந்தது என்று நிதானமாக விசாரித்தார், வெளியே வந்தார். இரண்டே வாரத்தில் ரெஜிமெண்டை அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். இங்கே வைத்திருந்தால் கலவரம் வரும், பிரான்ஸுக்கு அனுப்பிவிடுவோம் என்ற முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

பிரெஸ்ட் துறைமுகத்தில் இறங்கியதும் நடந்ததைச் சிசில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பேண்டு 'மார்செய்யேஸ்' வாசிக்க ஆரம்பித்தது, பிரான்ஸின் தேசிய கீதம். கூடியிருந்த பிரெஞ்சு சிப்பாய்களும் மாலுமிகளும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரியாதை தெரியாதவர்களா என்று இவர்களுக்குக் குழப்பம். எட்டுப் பத்து தாளச் சுற்று போன பிறகுதான் அவர்கள் முகத்தில் ஒரு திடுக்கிடல், சட்டென்று எல்லோரும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். தங்கள் தேசிய கீதமே அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை! மெட்டு அதேதான், ஆனால் அழுத்தம் விழுந்த இடங்கள் வேறு.

அந்த 'வேறு' என்ன என்பதை யூரோப் 1919-ல் பத்திரிகையில் விளக்கினார், எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பித்தளை வாத்தியத்தின் வாயில் சத்தத்தை மாற்றும் மியூட் என்ற அடைப்பானைச் செருகி, நாக்கைச் சுழற்றிக்கொண்டே முழு மூச்சோடு ஊதுவார்களாம். அழுத்தம் சாதாரணமாக விழாத சுரத்தின் மேல் வேண்டுமென்றே அழுத்தத்தைப் போடுவார்களாம். தினமும் ஒத்திகை எதற்கு என்றால் தப்பைத் திருத்த இல்லை, பையன்கள் எழுதியதற்கு மேல் சொந்தமாகச் சேர்க்கிற சங்கதிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்வதற்கு. (சங்கதி என்பது நான் போட்ட சொல். அவர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை.) பிரெஞ்சு ராணுவத்தின் புகழ்பெற்ற கார்து ரெப்பூப்ளிக்கேன் பேண்டின் தலைவர் ஒரு பாட்டுக்கான இசைக்குறிப்பைக் கேட்டு வாங்கிப் போனாராம். மறுநாளே திரும்பி வந்து, எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறோம், ஆனால் அந்தச் சத்தம் வரவில்லை என்றாராம். யூரோப்பின் ஆட்கள் வாசித்துக் காட்டிய பிறகும் நம்பிக்கை வராமல், வாத்தியத்துக்குள் ஏதாவது விசேஷமாகப் பொருத்தியிருக்கிறதா என்று பிரெஞ்சுக்காரர்கள் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்களாம். யூரோப் சொன்ன கதை என்பதால் கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம்.

இசை இப்படியிருக்க, போர் வேறு மாதிரி போனது. முதலில் இவர்களைச் சென் நசேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் தண்டவாளம் போடவும் விட்டார்கள். அமெரிக்கப் படைத்தலைவர் பெர்ஷிங் இவர்களை வெள்ளைப் படைகளோடு சேர்க்கத் தயாராக இல்லை, ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் ஆள் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். எனவே ரெஜிமெண்டை அப்படியே பிரெஞ்சு ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டார். எண்ணும் 369 என்று மாறியது. பிரெஞ்சு ஹெல்மெட், பிரெஞ்சு துப்பாக்கி, பிரெஞ்சு சாப்பாடு. 191 நாள் போர்முனையில் இருந்தார்கள். 'ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்' என்று ஜெர்மானியர்கள் பெயர் வைத்ததாகச் சொல்வார்கள், அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ரேட்லர்ஸ்', கிலுகிலுப்பைப் பாம்பு. யூரோப்பும் வெறும் வாத்தியக்காரராக உட்காரவில்லை. பதுங்குகுழியில் இருந்தார், விஷவாயு பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார், அங்கே படுத்தபடியே 'ஆன் பெட்ரோல் இன் நோ மேன்ஸ் லேண்ட்' பாட்டை எழுதினார்.

ஹென்றி ஜான்சனைச் சொல்லாமல் இந்த ரெஜிமெண்டைத் தாண்டிப் போக முடியாது. ஆல்பனி ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்த குள்ளமான மனிதர். 1918 மே 14 இரவு, நீதம் ராபர்ட்ஸ் என்ற இன்னொரு சிப்பாயோடு காவலில் இருந்தபோது ஜெர்மன் குழு ஒன்று வந்து விழுந்தது. கையெறி குண்டு தீர்ந்தது, துப்பாக்கி அடைத்துக்கொண்டது. காயம்பட்ட ராபர்ட்ஸை அவர்கள் இழுத்துக்கொண்டு போகப் பார்க்க, ஜான்சன் இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்து அவரை மீட்டார். உடம்பில் 21 காயம். பிரான்ஸ் உடனே க்ருவா த கேர் என்ற வீரப் பதக்கம் கொடுத்தது. அமெரிக்கா? 1929-ல் அவர் வறுமையில் இறந்துபோனார், மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் 2015-ல் வந்தது. 2023-ல் லூயிசியானாவில் ஒரு பெரிய ராணுவ முகாமுக்கு ஃபோர்ட் ஜான்சன் என்று அவர் பெயரை வைத்தார்கள், 2025-ல் பழைய பெயரையே திரும்ப மாட்டிவிட்டார்கள். நிலையான மரபு எது என்று கேட்டால் பெயர்ப்பலகையைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருப்பது இதனால்தான்.

1918 ஆகஸ்டில் பேண்டைப் பாரிஸுக்கு வரவழைத்தார்கள். ஒரே நாள் கச்சேரி என்று போனது, எட்டு வாரம் தங்க வேண்டியதாயிற்று. பாரிஸுக்கு ஜாஸைக் கொண்டுபோனது இவர்கள் மட்டுமே என்று எழுதுபவர்களும் உண்டு, அது மிகை. லூயிஸ் மிட்செல் போன்ற டிரம்மர்கள் அதே காலத்தில் அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தரப்பு, இவர்கள் வாசித்தது ஜாஸே அல்ல, ஜாஸுக்கு முந்தைய துள்ளல் இசையான ராக்டைமும் ராணுவ மார்ச்சும் கலந்த ஒன்று என்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் முகாம் முகாமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, ஊர் சதுக்கங்களில் டிக்கெட் இல்லாமல் சாதாரண பிரெஞ்சு ஜனங்களின் காதில் அந்தத் தாளத்தைப் போட்டதில் யூரோப்பின் பேண்டுக்குப் பெரிய பங்கு.

1919 பிப்ரவரி 17. நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூவில் சுமார் மூவாயிரம் பேர் அணிவகுத்தார்கள். போருக்குப் போகும்போது நடந்த வழியனுப்பு ஊர்வலத்தில் இவர்களுக்கு இடம் கிடையாது. திரும்பி வந்தபோது பிரெஞ்சு முறையில் வரிசைக்குப் பதினாறு பேராக நெருக்கியடித்து, முறுக்காக நடந்தார்கள். நகரின் நடுப்பகுதி வழியெல்லாம் யூரோப் பிரெஞ்சு மார்ச்சுகளை மட்டுமே வாசிக்க விட்டார், ஒரு துளி ஜாஸ் இல்லை. ஹார்லெமுக்குள் நுழைந்ததும் வரிசை தளர்ந்தது, பேண்டு 'ஹியர் கம்ஸ் மை டாடி நவ்' என்று எடுத்துவிட, ஓரத்தில் நின்ற பெண்களும் பிள்ளைகளும் உள்ளே ஓடி வந்து கையைக் கோத்துக்கொண்டார்கள். எந்த இடத்தில் எதை வாசிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வருடக் கோடையிலேயே பல நகரங்களில் கருப்பினத்தவர்கள் மேல் தாக்குதல், சீருடையோடு இருந்தவர்களையும் விடவில்லை.

அதைப் பார்க்க யூரோப் இல்லை. மே 9-ம் தேதி பாஸ்டன் கச்சேரியின் இடைவேளையில், தன்னை நடத்துகிற விதம் சரியில்லை என்று கோபத்தில் இருந்த பேண்டின் டிரம்மர் ஒருவர் சின்னப் பேனாக்கத்தியால் அவர் கழுத்தில் குத்திவிட்டார். சின்னக் காயம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள், மறுநாள் காலை எங்கே வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றிரவே இறந்தார். பதுங்குகுழி, விஷவாயு எல்லாம் தாண்டி வந்தவர்.

சரி, இதற்கப்புறம் கிளைகள். நோபிள் சிசில் தன் நண்பர் யூபி பிளேக்குடன் சேர்ந்து 1921-ல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 'ஷஃபிள் அலாங்' என்ற இசை நாடகத்தை அமைத்தார். அதன் கோரஸில் ஆடிய இளம்பெண் ஒருத்தி 1925-ல் பாரிஸ் போனாள், ஜோசஃபின் பேக்கர். பிரான்ஸ் அவரை 2021-ல் தன் பெருமக்கள் துயிலும் பான்தியோனில் வைத்து வணங்கியது. இன்னொரு பக்கம் யூஜின் புல்லார்டு. ஜார்ஜியாவில் பிறந்து ஐரோப்பாவுக்கு ஓடிப்போய், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, பெரும் சண்டை நடந்த வெர்தனில் அடிபட்டு, 1917-ல் போர் விமானியும் ஆனவர். அமெரிக்க விமானப் பிரிவு அவரை எடுத்துக்கொள்ளவில்லை. போருக்குப் பிறகு பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் டிரம்ஸ் வாசித்து, கிளப் நடத்தி, அந்த நகரின் ஜாஸ் வட்டாரத்தில் பெரிய ஆளானார். அந்தக் கிளப்பில் 1924-ல் பாத்திரம் கழுவிய இளைஞர், பிற்காலத்தில் பெரும் கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸ். புல்லார்டு 1959-ல் பிரான்ஸின் செவாலியே பட்டம் வாங்கியபோது நியூயார்க்கில் லிஃப்ட் ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கிளைதான் மெட்ராஸுக்கு வருவது. போருக்குப் பிந்தைய பாரிஸில் இந்தப் புதுச் சத்தத்துக்குக் காது திறந்துவிட்ட இசையமைப்பாளர்களில் ஒருவர் தாரியுஸ் மியோ. 1922-ல் ஹார்லெமுக்கே போய்க் கேட்டுவிட்டு, மறு வருடம் ஜாஸ் கலந்த ஒரு பாலே இசையை எழுதினார். யூதர் என்பதால் 1940-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்து, கலிஃபோர்னியாவில் மில்ஸ் கல்லூரியில் பாடம் எடுத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவரிடம் படிக்க வந்தவர் ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக், படிப்புச் செலவு போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உதவும் ஜி.ஐ. பில் சட்டத்தில். 1944-ல் சிப்பாயாகப் பிரான்ஸ் போய் வெர்தன் பக்கத்தில் முன்வரிசைக்கு அனுப்பப்படக் காத்திருந்தவர். ரெட் கிராஸ் நிகழ்ச்சி ஒன்றில் பியானோ வாசிக்க யாராவது உண்டா என்று கேட்டபோது கையைத் தூக்கினார், அதைக் கேட்ட கர்னல் இவனைப் போர்முனைக்கு அனுப்பாதே, பேண்டு அமைக்கச் சொல் என்றுவிட்டார். அந்த 'வுல்ஃப்பேக்' பேண்டில் வெள்ளையரும் கருப்பினத்தவரும் சேர்ந்து வாசித்தார்கள், ராணுவமே பிரிந்து கிடந்த காலத்தில். ஜாஸை விடாதே என்று புரூபெக்கிடம் சொன்னவர் மியோ. புரூபெக் தன் மூத்த மகனுக்கு டேரியஸ் என்று பெயர் வைத்தார்.

1958-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை புரூபெக் குழுவைப் போலந்து தொடங்கிப் பல நாடுகளுக்கு அனுப்பியது, பனிப்போர்க் கால நல்லெண்ணப் பயணம். இந்தியா, இலங்கை எல்லாம் வந்தார்கள், மெட்ராஸும் பட்டியலில் உண்டு. இங்கே அவர்கள் மிருதங்கத்தைக் கேட்டார்கள், டிரம்மர் ஜோ மொரெல்லோ அதில் விழுந்தே போனார். அடுத்த வருடம் வந்த புரூபெக் குழுவின் புகழ்பெற்ற 'டேக் ஃபைவ்' இசை, அந்த மொரெல்லோவை மனதில் வைத்துக் குழுவின் சாக்ஸஃபோன்காரர் பால் டெஸ்மண்ட் எழுதியது. ஐந்தெண்ணிக்கைத் தாளம், அமெரிக்க ரேடியோவுக்கு அது விசித்திரம், கண்டசாபுவில் கை போட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. மிருதங்கத்தைக் கேட்டுத்தான் அது பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன், மொரெல்லோ முன்பிருந்தே அந்த எண்ணிக்கையில் விளையாடிக்கொண்டிருந்தவர். டெஸ்மண்டும் ராணுவ பேண்டு ஆள்தான், 1944-ல் அங்கேதான் புரூபெக்கை முதலில் சந்தித்தார். 1977-ல் இறக்கும்போது 'டேக் ஃபைவ்' ராயல்டியை அமெரிக்க ரெட் கிராஸுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். பியானோ வாசிக்க யாராவது உண்டா என்று வெர்தன் பக்கத்தில் கேட்ட அதே ரெட் கிராஸ்.

கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் யூரோப் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் பாத்தே கம்பெனிக்காகப் பதிவு செய்த தட்டுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அமெரிக்காவில் காப்புரிமை தீர்ந்துவிட்டது. 'ஆன் பெட்ரோல்' பாட்டில் சிசில் பாடப் பாட டிரம்ஸ் குண்டு விழுகிற மாதிரி அதிரும், முதலில் அதைப் போடுங்கள். அடுத்து 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்'. மைக் வராத காலம், ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று ஊதியது, அதனால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற இரைச்சல் முழுக்க இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் காது பழகிவிடும். நடுவில் மொத்த பேண்டும் சட்டென்று நின்று, அந்த வெற்றிடத்தில் ஒரே வாத்தியம் மட்டும் உருண்டு வரும் இடங்கள் உண்டு, அங்கே வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள்.